அழ ஆளில்லாத பிணங்கள்

இடைவேளைக்கு விளக்கு போட்டதும் பேரன் என் பக்கம் திரும்பி, "நாப்பத்தொண்ணு, சின்னத் தாத்தா" என்றான். எனக்குப் புரியவில்லை. அண்ணன் மகளின் பிள்ளை, வயது ஏழு. ஆறாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்னால் திணறுகிறவன், இருட்டில் உட்கார்ந்து செத்தவர்களை ஒருவர் விடாமல் எண்ணியிருக்கிறான். சுத்தியலால் அடிபட்டவன், மாடியிலிருந்து விழுந்தவன், கழுத்தறுபட்டவன், காருக்குள் வெந்தவன் எல்லாரும் கணக்கில் உண்டு. ஆஸ்பத்திரிக் காட்சியில் கண் திறந்துவிட்ட ஒருவனைக் கழித்துவிட்டதாகவும் சொன்னான். நேர்மையான கணக்கு. அப்புறம் பாப்கார்ன் கேட்டான்.

வரிசையில் நிற்கும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த 41 பேரில் எத்தனை பேருக்குப் பெயர் இருந்தது? ஒருவனுக்கு இருந்தது. மற்ற 40 பேரும் அடியாட்கள். கறுப்புச் சட்டையோடு ஜீப்பில் வந்து இறங்கி, முறை வைத்தாற்போல ஒவ்வொருவராக முன்னால் வந்து, அடி வாங்கி, திரையின் ஓரத்துக்கு அப்பால் உருண்டு போனவர்கள். காலையில் எந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்தார்கள், ராத்திரி யார் சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்றெல்லாம் படம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், முப்பதாவது ஆள் விழுந்தபோது நான் கை தட்டினேன். நாயகன் மெதுவாகத் திரும்பி நடக்க, பின்னால் ஏதோ வெடிக்க, இசை வந்து நெஞ்செலும்பில் மோத, கை தானாகத் தட்டிவிட்டது. 58 வயதுக் கையே சொன்ன பேச்சு கேட்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையை நான் மேட்டில் நின்றுகொண்டு எழுதவில்லை.

பிள்ளைகளை எது கெடுக்கிறது என்ற கவலை பழையது. கவலைப்படுகிறவர்கள் அடித்த கூத்தும் பழையது. எங்கள் காலத்தில் அந்தப் பழி காமிக்ஸ் மேல் விழுந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்கள் தலைமையாசிரியர் பைகளைச் சோதித்துப் பிடுங்கிய புத்தகங்கள் மதிய உணவுச் சமையல் அடுப்புக்குப் போயின. அமெரிக்காவில் இதே வேலையை 1954இல் பெரிய அளவில் செய்தார்கள். ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ்தான் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது என்று புத்தகம் எழுதினார். செனட் துணைக்குழு முன் சாட்சி சொன்னார். பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். அறுபது ஆண்டுகள் ஆகும் தறுவாயில், கேரல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தமின் காகிதக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து 2012இல் எழுதினார். சிறுவர்கள் சொன்னதை வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் மருத்துவர் தன் முடிவுக்குத் தோதாக வளைத்திருந்தது தெரிந்தது.

அதனால் ஒன்றுமே ஆவதில்லை என்று சொல்லிவிடலாமா? எங்கள் தெருவில் ஒருவன் மாயாவியைப் படித்துவிட்டு பிளக்கில் கம்பியை விட்டான். ஆள் மறையவில்லை. கைதான் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. பிள்ளைகள் பார்த்ததைச் செய்து பார்ப்பார்கள் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, ஒரு தெரு போதும்.

ஆனாலும் ஒரு ஆராய்ச்சியைச் சொல்லத்தான் வேண்டும். 1961இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் ஆல்பர்ட் பண்டூரா செய்தது. 72 பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து ஆறுக்குள். காற்றடைத்த ஒரு பெரிய பொம்மை, பெயர் போபோ. அடியில் கனம் இருப்பதால் எத்தனை தரம் தள்ளினாலும் சாய்ந்து நிமிர்ந்துவிடும். நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரியவர் பிள்ளையின் கண்ணெதிரே அந்தப் பொம்மையை மரச்சுத்தியலால் அடித்தார், மேலே ஏறி உட்கார்ந்து மூக்கில் குத்தினார், உதைத்தார், தூக்கி எறிந்தார், வாயாலும் ஏதேதோ சொன்னார். பிறகு பிள்ளையை வேறொரு அறையில் பொம்மைகளோடு விட்டபோது, அதே அடி, அதே உதை, அதே வசனம். பெரியவர் சாதுவாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிள்ளைகளிடம் அவ்வளவு இல்லை. 1963இல் நேரில் காட்டாமல் படமாக எடுத்துக் காட்டிப் பார்த்தார். பூனை வேஷம் போட்டு கார்ட்டூன் போலவும் காட்டிப் பார்த்தார். அதுவும் பலித்தது.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். என்னை உறுத்துவது 1965இல் அவர் வெளியிட்ட மூன்றாவது சோதனை. 66 பிள்ளைகள். பொம்மையை அடிக்கிற ஆள் படத்தில் வருகிறான். ஒரு கூட்டத்துக்குக் காட்டிய படத்தின் முடிவில் அவனுக்கு மிட்டாயும் பாராட்டும் கிடைக்கின்றன. இன்னொரு கூட்டம் பார்த்த படத்தில் அவனைத் திட்டி அடிக்கிறார்கள். மூன்றாவதில் முடிவு என்று ஒன்றுமே இல்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள், எதிர்பார்த்தபடியே, அடக்கமாக இருந்தார்கள். தணிக்கைக்காரர்களும் கதாசிரியர்களும் காலம் காலமாகச் சொல்லி வந்த சமாதானம் இதுதான்: கெட்டவன் கடைசியில் தண்டிக்கப்படுகிறானே, அப்புறம் என்ன? பண்டூரா இங்கே நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளிடம், 'படத்தில் அந்த ஆள் என்ன செய்தான் என்று செய்து காட்டு, பழச்சாறு தருகிறேன், படம் ஒட்டுகிற ஸ்டிக்கர் தருகிறேன்' என்று சொல்லிப் பார்த்தார். மூன்று கூட்டமும் ஒன்றுபோலச் செய்து காட்டியது. தண்டனையைப் பார்த்தவர்களும் பாடத்தை முழுசாகத்தான் படித்திருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காசு வந்தால் கை அவிழும்.

'ஷோலே' படத்தின் முடிவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டு கையும் இழந்த டாக்கூர் ஆணி பதித்த செருப்புக் காலால் கப்பர் சிங்கை மிதித்தே கொல்வதாகத்தான் முதலில் எடுத்திருந்தார்கள். 1975, நெருக்கடிநிலைக் காலம். தணிக்கை ஒப்பவில்லை. போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றி எடுத்தார்கள். தமிழ்ப் படத்திலும் அப்படித்தானே, எல்லாம் முடிந்தபின் ஜீப்பில் போலீஸ் வரும். கொட்டகையில் அதற்கென்றே ஒரு சிரிப்பு இருந்தது. மூன்று மணி நேரப் பழிவாங்கலைக் கடைசி மூன்று நிமிடச் சட்டத்தால் கழுவிவிடலாம் என்று அரசாங்கம் நம்பியது. தரை டிக்கெட் நம்பவில்லை.

பண்டூராவைக் குறை சொன்னவர்களும் உண்டு. அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடித்ததில் என்ன வன்முறை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே எனக்கு வேண்டியது கிடந்தது. போபோ அழாது. அதற்கு இரத்தம் வராது, அம்மா கிடையாது, மறுநாள் இல்லை. நான் கை தட்டிய அந்த முப்பதாவது ஆளும் ஒரு போபோதான்.

இதைப் பிடித்துக்கொண்டு யோசித்தபோதுதான் எங்கள் ஊர்ப் படுகளம் ஞாபகத்துக்கு வந்தது.

நான் வளர்ந்தது செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம். கோடையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். ராத்திரி கூத்து. வில்வளைப்பு, பகடை துகில், அருச்சுனன் தபசு, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று வரிசையாகப் போய்ப் பதினெட்டாம் போரில் முடியும். பிள்ளைகள் நாங்கள் சாக்கை விரித்து முன்வரிசையில் இடம் பிடிப்போம். பாதி ராத்திரியில் தூங்கிவிடுவோம். முக்கியமான கட்டம் வந்ததும் அம்மா தொடையில் கிள்ளுவாள்: "எந்திர்றா, துச்சாதனன் வந்துட்டான்."

அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு மென்மையானதை மட்டும் காட்டி வளர்த்தோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறைந்த சபையில் ஒரு பெண்ணின் சேலையை உருவுவதை ஆறு வயதில் பார்த்தேன். மீசை முளைக்காத ஒரு பையனை வளைத்து நின்று பலபேர் கொல்வதைப் பார்த்தேன். திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரத்தன்று யானைமுகமும் சிங்கமுகமும் ஒவ்வொன்றாக விழுவதைத் தகப்பன் தோளில் உட்கார்ந்து பார்க்காத தெற்கத்திப் பிள்ளை உண்டா? மெலட்டூரில் நரசிம்ம முகமூடி போட்டவர் விரதமிருந்து, ஆவேசம் வந்து இரணியன்மேல் பாய, பின்னாலிருந்து ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். நம் மரபில் இரத்தத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போதே தன் கட்சியைப் பாடிக்கொண்டுதான் வருவான். அவன் தரப்பில் அவனுக்கு நியாயம் உண்டு. அதை ஊர் கேட்கவேண்டும். கட்டியங்காரன் பக்கத்தில் நின்று ராஜாவையே கிண்டல் செய்வான். இது வேஷம், இது விளையாட்டு என்று அவன் சிரிப்பு நமக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். துகிலுரியும் கட்டத்தில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். கற்பூரம் ஏற்றச் சொல்லுவார். அம்மனைப் பார்த்துக் கும்பிட்டு, 'வயித்துப் பொழப்புக்கு வேஷம் கட்டினவன் தாயே, பொறுத்துக்கோ' என்பார். ஆறடி ஆள், புஜக்கட்டையும் கிரீடமுமாக, கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கும்பிடுவதைப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் செயல் எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும். யாரும் விளக்கவேண்டாம்.

பதினெட்டாம் போர் முடிந்த விடியலில் கோயில் திடலுக்குப் போனால், அதுதான் படுகளம், மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். முப்பது, நாற்பது அடி நீளம். முழித்த கண், முறுக்கிய மீசை. வர்ணம் காய்ந்தும் காயாமலும் இருக்கும். ராத்திரி ஆடிய அதே வீமனும் அதே துரியோதனனும் கண் சிவந்து, வேஷம் கலைந்து, அந்த மண் உடம்பின் மேலேயே ஏறி ஓடுவார்கள். கூட்டம் சுற்றிச் சுற்றி ஓடும். கடைசியில் வீமன் தொடையில் அடிப்பான். தொடைக்குள் புதைத்து வைத்த சட்டி உடைந்து சிவப்பாகத் தண்ணீர் பொங்கும். அதைத் தொட்டுப் பாஞ்சாலிக்குக் கூந்தல் முடிப்பார்கள். குலவை, பறை, கற்பூரம்.

கொலை நடந்தது ஒரு கணம். அதன்பிறகு வெகு நேரம் வேறொன்று நடக்கும். காந்தாரி வருவாள். ஆண்தான் வேஷம் கட்டியிருப்பார். முறமும் துடைப்பமும் கையில். மண் மகனின் தலைமாட்டில் விழுந்து ஒப்பாரி வைப்பாள். வளர்த்த கதை சொல்லுவாள், கேட்காமல் போன புத்தி சொல்லுவாள், துடைப்பத்தால் அவனை அடித்தும் அழுவாள். மனைவி பெருந்திருவாளும் வந்து தாலியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். சற்றுமுன் வீமனுக்குக் குலவையிட்ட அதே பெண்கள் இப்போது மாரில் அடித்துக்கொள்வார்கள். என் பாட்டி அழுதது துரியோதனனுக்கில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். காலராவில் போன தன் மூத்த பிள்ளைக்கு அழுதாள். எல்லாரும் அப்படித்தான், அவரவர் பிணத்துக்கு அழுதார்கள். அதற்கு அந்தக் கெட்டவனின் மண் உடம்பு இடம் கொடுத்தது. எல்லாம் முடிந்தபின் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் நெல்லுக் குதிரில் போடுவார்கள். விளைச்சல் பெருகுமாம்.

இதைப் பொற்காலமாக்கிவிட எனக்கு மனமில்லை. அதே திடலில் யார் எங்கே உட்காரலாம், தீமிதிக்கு யார் எந்த வரிசையில் வரலாம், பறை அடிக்கிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்றெல்லாம் ஒரு கணக்கு இருந்தது. பிள்ளைகள் நாங்கள் அதையும் பார்த்துப் பார்த்துப் படித்தோம். அந்த வன்முறைக்கு எந்த வேஷக்காரரும் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்கவில்லை.

சினிமா இந்த ஒப்பாரியை எப்போது கைவிட்டது என்று நாள் குறித்துச் சொல்லமுடியாது. 1987இன் 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கர் ஓர் இன்ஸ்பெக்டரைக் கொல்கிறார். கொட்டகை ஆர்ப்பரிக்கும். ஆனால் படம் அந்த இன்ஸ்பெக்டரின் வீட்டுக்குப் போகிறது. அங்கே விதவையும் மனவளர்ச்சி குன்றிய ஒரு சிறுவனும் இருக்கிறார்கள். அந்தப் பையன் வேலு நாயக்கரின் நிழலிலேயே வளர்ந்து, கடைசியில் போலீஸ் உடுப்பில் வந்து அவரைச் சுடுகிறான். செத்தவனுக்கு வீடு இருந்தது, அந்த வீட்டில் பிள்ளை இருந்தது என்பதைக் கதை கடைசிவரை மறக்கவில்லை. வேலுவின் பேரன் தாத்தாவிடம், 'நீங்க நல்லவரா, கெட்டவரா?' என்று கேட்கும் புகழ்பெற்ற கேள்வியும் அந்தப் படத்தில்தான். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

1992இன் 'தேவர் மகன்' இன்னும் சிக்கலான வழக்கு. முடிவில் நாயகன் தலை வெட்டியவனாக நிற்கிறான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று அவன் முகமே சொல்கிறது. ஊரைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொல்லிவிட்டு ரயிலேறி ஜெயிலுக்குப் போகிறான். படத்தின் நோக்கம் அரிவாளைக் கீழே போடுவதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தென் மாவட்டத்து ஊர்வலங்களில் எஞ்சி நின்றது எது? அந்த ரயில் காட்சி இல்லை. சாதிப் பெருமையாக ஒலிபெருக்கியில் ஓடிய அதன் பாட்டு. அந்தப் படம் தனக்குத் தந்த வலியை இயக்குநர் மாரி செல்வராஜ் 2023இல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு மேடையில், அதை எழுதி நடித்த கமல்ஹாசனை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். 1965இல் பண்டூரா பழச்சாறு கொடுத்துக் கண்டுபிடித்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவுக் காட்சியின் தண்டனையும் மனமாற்றமும் கொட்டகைக்குள்ளேயே தங்கிவிடும். மீசையும் நடையும் வீட்டுக்கு வரும்.

நடை என்று சொன்னது சும்மா இல்லை. சிகாகோ பகுதியில் 1977இல் தொடங்கி, ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள் ரோவல் ஹியூஸ்மனும் கூட்டாளிகளும். 329 பேர் கிடைத்தார்கள். சின்ன வயதில் வன்முறை நிகழ்ச்சி நிறையப் பார்த்தவர்கள், திரையில் அடிக்கிறவனோடு தன்னை ஒன்றாக நினைத்தவர்கள், காட்டுவது நிஜம் என்று நம்பியவர்கள் ஆகியோரிடம் பெரியவர்களான பின்னும் முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. அடிக்கிறவன் நல்லவனாக இருந்தால் ஆபத்து குறையும் என்று நாம் நினைக்கிறோம். பிள்ளை ஒன்றாக நினைத்துக்கொள்வது நல்லவனோடுதான். வில்லன் நம்பியாரைப் பார்த்து எந்தப் பிள்ளை நம்பியாராக ஆசைப்பட்டது?

அதற்காக எல்லாக் கத்திக்குத்துக்கும் திரையைக் கைகாட்டினால் அது பெரிய மோசடி. அமெரிக்க உளவியல் சங்கமே 2020இல், வீடியோ விளையாட்டைக் கொலைக் குற்றங்களுக்குக் காரணமாகச் சொல்வது அறிவியல்படி சரியாகாது என்று எச்சரித்தது. நம் ஊரில் 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்ததற்குக் காரணம் பிள்ளைகளும் இல்லை, இரத்தமும் இல்லை. எல்லையில் சீனாவோடு இருந்த தகராறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பள்ளி மாணவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றிப் பொட்டு, பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி என்று அது பேசியது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரை வெட்டலாம் என்று சொல்லிக்கொடுத்தது வீடும் தெருவும். சினிமாமேல் பழியைப் போட்டால் சாதி பின்வாசல் வழியாகத் தப்பித்துவிடும். எப்படிப் பிடித்து நிற்கவேண்டும், எந்தக் கோணத்தில் திரும்பவேண்டும், பின்னால் என்ன பாட்டு ஓடவேண்டும் என்பதைத்தான் திரை சொல்லிக்கொடுக்கிறது. 2018 பிப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்தில் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது போலீஸ் சுற்றி வளைத்து 70க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. படப்பிடிப்பு போலத்தான் இருந்தது. அதற்குப்பின் கேக்கை அரிவாளால் வெட்டி ரீல்ஸ் போடும் பையன்களைப் பற்றிய செய்தி வாராவாரம் வருவதுபோல ஆகிவிட்டது. கெத்து என்கிறார்கள்.

வெட்டத் துணிகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு என்ன ஆகிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கெர்ப்னர் பல ஆண்டுகள் தொலைக்காட்சியை எண்ணிக்கொண்டே இருந்தார். என் பேரனைப் போல. அவர் கண்டது, நிறையப் பார்க்கிறவர்கள் அடிதடிக்குக் கிளம்புவதைவிட அதிகமாகப் பயந்துபோகிறார்கள். உலகம் இருப்பதைவிடக் கொடியது என்று நம்பிவிடுகிறார்கள். என் அக்காவைப் பார்த்தால் அது புரியும். நியூஸ் சேனலில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான ஒரு வெட்டு, சிவப்பு வட்டம் போட்டு, டமாரென்று ஒரு சத்தம் சேர்த்து, அன்றைக்கு இருபது தடவை ஓடுகிறது. வெட்டுப்படுகிறவர் நிஜ மனிதர். இருபது தடவை விழுகிறார். அக்கா கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாள். பேத்தியைக் கடைக்கு அனுப்புவதில்லை. மூன்றாவது தடவைக்குப்பின் அவளும் அந்த ஆளுக்காக உச்சுக்கொட்டுவதை நிறுத்திவிட்டாள். மரத்துப்போவது என்று நம் பாட்டிகள் சொன்ன சொல் இதற்குப் போதும். மரத்த கால் வலிக்காது, ஆனால் அதை நம்பி எழுந்து நடந்தால் விழுவோம்.

அரசு தன் பங்குக்குச் சான்றிதழை நுணுக்கமாக்கியிருக்கிறது. 2023இல் சட்டத்தைத் திருத்தி, ஒரே யுஏவாக இருந்ததை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். நானும் பேரனும் பார்த்த படம் பதினாறுக்கு. அதாவது பெரியவர்களின் வழிகாட்டலோடு பார்க்கலாம். அந்த வழிகாட்டல் நான்தான். நான் காட்டிய வழி பாப்கார்ன் கடைக்கு. 2025 ஆகஸ்டில் 'கூலி' படம் ஏ சான்றிதழோடு வந்தபோது, சின்னப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்களைத் தியேட்டர்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் அழுத பிள்ளைகளின் படம் செய்தியானது. தயாரிப்பாளர்கள் யுஏ கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள், மனு தள்ளுபடி. நான்கு வாரத்தில் அதே படம் ஓடிடியில் வந்து, அழுத பிள்ளைகளின் அப்பாக்களுடைய கைப்பேசிக்குள் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு இந்த எண்களில் பெரிய நம்பிக்கை இல்லை. 41 பேரை 14 பேராகக் குறைத்தால் பேரன் 14 என்று எண்ணுவான். தணிக்கை செய்கிறவர்கள் இரத்தத்தின் அளவைக் குறைப்பார்கள், அரிவாள் இறங்கும் இடத்தை மங்கலாக்குவார்கள். மங்கலாக்கிய வெட்டு மேலும் கேடு என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. அடிபட்ட உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் போய், அடித்தவனின் தோரணை மட்டும் பளிச்சென்று நிற்கிறது. இதைப் படத்துறை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அழுகை வெச்சா படத்தோட டெம்போ போயிரும் சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒப்பாரிக்கு நேரம் ஆகும். ஒரு காந்தாரி அழுகிற நேரத்தில் நாற்பது பேரைக் கொன்றுவிடலாம்.

அப்படி விழுகிறவர்களைக் கோடம்பாக்கத்தில் ஃபைட்டர் என்பார்கள். உடம்பை விற்று அரிசி வாங்குகிறவர்கள். கயிற்றில் தொங்கி, கண்ணாடியில் பாய்ந்து, நாயகனுக்கு டூப் போட்டு, விலா எலும்பு கூடிய இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்பில் கார் பறந்து கவிழும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் செத்துப்போனார். அந்தக் கார் சாய்ந்ததையும் ஒளிப்பதிவுக் கருவி படம் பிடித்தது. அது கைப்பேசிகளில் ஓடியது. நிஜச் சாவு என்று தெரியாமலே எத்தனை பேர் அடுத்ததற்குத் தள்ளிவிட்டிருப்பார்கள் என்று கணக்கெடுக்க முடியாது.

இந்த மே மாதம் ஊரில் பாரதம் முடிகிற நாளில் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். விடிகாலை நாலரைக்கு எழுப்பியதில் அவனுக்குக் கோபம். படுகளத்தில் மண் துரியோதனனைப் பார்த்ததும் கோபம் போயிற்று. கால் கட்டைவிரலிலிருந்து கிரீடம்வரை அடி வைத்து அளந்தான். வீமன் துரத்தியபோது கூட்டத்தோடு ஓடினான். சட்டி உடைந்து சிவப்பு பொங்கியதும் கை தட்டினான். அப்புறம் காந்தாரி வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிடம் பார்த்தான். என் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"அவ்ளோதானா? ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்தான்."

"அதுக்கா இவ்ளோ நேரம் அழுவுறாங்க?"

வெயில் ஏறிவிட்டது. அவனுக்குப் பசி. கடைசியில் எல்லாரும் மண் எடுத்தபோது அவனும் தொடைப் பக்கம் ஒரு பிடி பிய்த்து டவுசர் பையில் திணித்துக்கொண்டான். மற்ற பிள்ளைகள் எடுத்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. டீக்கடையில் வீமனும் துரியோதனனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேரன் அவர்களைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. திண்டிவனம் வரும்முன் பஸ்ஸில் தூங்கிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள்.

"என்ன சித்தப்பா இது, வாஷிங் மெஷின் முழுக்கச் சேறு. பையன் பாக்கெட்ல எதைப் போட்டு அனுப்பினீங்க?"

யாருடைய மண் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. அவளும் அந்த ஊர்ப் பெண்தான். அரிசி இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

"தண்ணியோட போயிடுச்சே, சித்தப்பா" என்றாள். "இன்னும் கொஞ்சம் மண்ணு அங்க இருக்குமா?"